டிஜிட்டல் தராசு வந்தது. பயிற்சி யாருக்கு வந்தது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கணினி முதலில் நுழைந்தது ஆபீசுக்குள். சம்பளக் கணக்கு, சேமலாப நிதிக் கணக்கு, ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, போகும் தூளின் கணக்கு என்று, வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் கிளார்க்கின் மேசையோடு அது நின்றது. அதுவரை அது ஆபீஸ்காரர்களின் சமாச்சாரம்தான். இப்போது அது மேசையை விட்டு இறங்கி, மலைக்கு நடுவே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வந்துவிட்டது. கொழுந்து எடுப்பவரின் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. மலையில் வேலையைப் பார்த்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையின் கையில் ஒரு சிறிய கருவி. தராசில் சாக்கை மாட்டியதும் நிறை தானாகக் கருவிக்குப் போகிறது, அங்கிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்கு. எல்லாத் தோட்டங்களிலும் இது வந்துவிடவில்லை. ஆனால் போகிற திசை இதுதான்.

கம்பனிகள் இதைப் பற்றிப் பேசும்போது 'டிஜிட்டல் மயமாக்கம்', 'ஊழியர் திறன் விருத்தி' என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவது யாருக்கு நடந்தது, எதைப் பற்றி நடந்தது என்பதைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும்.

மடுவத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பழைய முறையில் தராசின் முள்ளைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்வார், கொப்பியில் எழுதுவார். முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றால் அது பெரும்பாலும் ஏழுதான். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றல் இலை இருந்தால் அதற்கும் ஒன்று. இதையெல்லாம் பற்றி மடுவத்தில் தினமும் வாய்த்தர்க்கம் நடக்கும். தர்க்கம் நடக்கும் என்பதே ஒருவகைப் பாதுகாப்பு. யார் வெட்டினார், எவ்வளவு வெட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும்.

டிஜிட்டல் தராசில் முள் இல்லை. எண் தசமத்தோடு திரையில் வருகிறது. எடுத்தவரே கண்ணால் பார்க்கலாம். இது உண்மையான முன்னேற்றம், அதை மறைக்கத் தேவையில்லை. பிடிக்காதவருக்கு ஒரு கிலோ குறைத்து எழுதுவது கடினமாகிறது. நேரமும் பதிவாகிறது. லொறி ஸ்டோருக்கு வருவதற்கு முன்பே எவ்வளவு கொழுந்து வருகிறது என்று தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கருக்குத் தெரிவதால், வாட்டும் தொட்டிகளை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம்.

ஆனால் திரையில் தெரியும் எண்ணும் சம்பளச் சிட்டையில் வரும் எண்ணும் ஒன்றுதானா என்பதை அந்தத் திரை சொல்லாது. ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். ஒருவர் காலையில் 7.6 கிலோ, பகலில் 8.7, அந்திக்கு 5.8 எடுக்கிறார். கூட்டினால் 22.1. கருவியிலுள்ள செயலி ஒவ்வொரு நிறுவையிலும் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் 7, 8, 5, மொத்தம் 20. நோர்ம், அதாவது ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு, 18 கிலோ என்றால் மேலதிகக் கொழுந்து 4.1 கிலோவா, 2 கிலோவா? பாதிக்கும் கீழே போய்விட்டது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. தசமத்தை எப்போது வெட்டுவது, நிறுவைக்கு நிறுவையா, நாள் முடிவில் ஒரு தடவையா என்ற ஒரு சின்ன அமைப்புத்தான் வித்தியாசம்.

சாக்குக் கழிவும் இப்படித்தான். தராசிலேயே ஒரு பொத்தானை அழுத்தி வெறுஞ்சாக்கின் நிறையைப் பூச்சியமாக்கலாம். செயலியிலும் அதே கழிவை ஒரு தரம் குறித்து வைக்கலாம். இரண்டிலும் வைத்துவிட்டால் ஒரே சாக்குக்கு இரண்டு தரம் கழிகிறது. நிறுவை மூன்று என்றால் ஆறு கழிவு. கணக்கப்பிள்ளைக்கு இது தெரியாமலே நடக்கலாம், ஏனென்றால் செயலியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம் இருக்காது. கொப்பிக் காலத்தில் வெட்டு ஒரு மனிதரின் கையில் இருந்தது, அவரோடு சண்டை பிடிக்கலாம். இப்போது அது கொழும்பில் ஒரு மேசையில் யாரோ நிரப்பிய ஒரு கட்டத்தில் இருக்கிறது.

கம்பனிப் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரியாவது வருகிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வருவதில்லை.

பயிற்சி எப்படிக் கீழே இறங்கி வருகிறது என்று பாருங்கள். 1992இல் அரச கூட்டுத்தாபனங்களின் கையிலிருந்த தோட்டங்களின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதோடு மனிதவளப் பிரிவு, வருடாந்தப் பயிற்சித் திட்டம், மதிப்பீட்டுப் படிவம் என்ற கம்பனிப் பண்பாடும் மலை ஏறியது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரைக்கும் சின்னத்துரைமாருக்கும் அத்துருகிரியவிலுள்ள பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளார்க்மாருக்கு ஸூமில் ஒரு வகுப்பு. திரையில் ஆங்கிலம், விளக்கம் சிங்களத்தில், கேள்வி தமிழில். கணக்கப்பிள்ளைக்குக் கருவியை விற்ற கம்பனியின் ஆள் வந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிவிட்டுப் போகிறார். கொழுந்து எடுப்பவருக்கு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் ஒரு அறிவித்தல்: "நாளையிலருந்து கார்டு கொண்டாரணும், கார்டு இல்லாட்டி பேர் விழாது." பேர் விழாது என்றால் அன்றைய நாட்சம்பளம் பதிவாகாது. அவ்வளவுதான் அவருக்கான பயிற்சி.

தரவு பிறப்பது அவர் கையில். அந்தத் தரவால் கூடுவதும் குறைவதும் அவர் சம்பளம். பயிற்சியோ அவருக்கு இரண்டு படி மேலேயே நின்றுவிடுகிறது.

இது வேறு விதமாகவும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரு தேயிலைக் கம்பனியில். வர்த்தக வேலைக்கு உலகில் முதன்முதலாகக் கணினியைப் பயன்படுத்தியது வங்கியோ ஆயுதத் தொழிற்சாலையோ அல்ல. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளும் கேக் பேக்கரிகளும் நடத்திய லயன்ஸ் என்ற கம்பனி. தேயிலை விற்பதும் அவர்களின் பெரிய வியாபாரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பின்பற்றி அவர்கள் சொந்தமாகக் கட்டிய 'லியோ' 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் சம்பளக் கணக்கும் அதற்கு மாறியது.

நமக்கு வேண்டிய பகுதி அந்த இயந்திரம் அல்ல, ஆட்களை எடுத்த விதம். கணினி தெரிந்தவர் என்று அன்றைக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். லயன்ஸ் தன் ஆபீஸ் ஊழியர்களுக்கே ஒரு அறிமுக வகுப்பு நடத்தி, அதில் தேறியவர்களை நிரலாளராக்கியது. மேரி கூம்ப்ஸ் என்ற இளம்பெண் அங்கே சாதாரண எழுதுவினைஞராக இருந்தவர். 1952இல் அந்த வகுப்பில் தேறி, வர்த்தகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண்ணானார். கணக்குத் தெரிந்தவருக்குக் கணினியைக் கற்றுக்கொடுப்பது, கணினி தெரிந்தவருக்குக் கணக்கைக் கற்றுக்கொடுப்பதைவிடச் சுலபம் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். சாக்கு மழையில் நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பது மடுவத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் ஒரு மென்பொருளை இறக்கினால், பிறகு வருடக்கணக்கில் தகராறு தீர்க்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த கம்பனிப் பயிற்சித் தொழில்நுட்பத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய கணினியில் பாடம், பிறகு குறுவட்டு, பிறகு இணையம். 2000ஐ ஒட்டி 'ஸ்கோர்ம்' என்ற தரம் வந்தது. ஒரு நிறுவனம் தயாரித்த பாடத்தை இன்னொரு நிறுவனத்தின் கற்றல் தளத்தில் ஓட்டவும், யார் திறந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று பதியவும் அது வழி செய்தது. 2002இல் வெளிவந்த மூடில் என்ற கற்றல் தளம் இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் மூன்று நிமிட வீடியோப் பாடம் என்ற அளவுக்கு அது சுருங்கிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு படிகளைச் சொன்னார். பயிற்சி பிடித்ததா? கற்றாரா? வேலையில் அவர் நடக்கும் விதம் மாறியதா? அதனால் பலன் கிடைத்ததா? கற்றல் தளங்கள் முதல் இரண்டையும் சொடக்குப் போடும் நேரத்தில் அளந்துவிடும். மூன்றாவதை அளக்க யாராவது வேலைத்தளத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் தலைமையகத்து அறிக்கையில் '100 வீதம் நிறைவு' என்று பச்சை நிறத்தில் நிற்கும். மடுவத்தில் கணக்கப்பிள்ளை கருவியையும் பார்த்து, சந்தேகத்துக்குக் கொப்பியிலும் எழுதிக்கொண்டிருப்பார். அவர் செய்வது புத்திசாலித்தனம், தெரியுமா? புதிய முறை நம்பகமானது என்று தெரியும் வரை இரண்டையும் சேர்த்து ஓட்டுவது கணினித் துறையிலேயே மதிக்கப்படும் வழக்கம்தான். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

தோட்டத்துக்கு இன்னொரு அளவுகோலும் வந்திருக்கிறது. வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்கும் தரச்சான்றுகள், ரெயின்பொரெஸ்ட் அலையன்ஸ் போன்றவை, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கு ஆதாரம் கேட்கின்றன. கேட்பது நியாயம். ஆனால் அந்த ஆதாரம் என்ன வடிவம் எடுக்கிறது? கையொப்பத் தாள், நான்கு புகைப்படங்கள், பின்னால் ஒரு பதாகை. தணிக்கைக்கு ஆள் வரும் காலத்தில் திடீரென்று பயிற்சிகள் பெருகும். தாளில் பெயர் விழும், பாடம் விழாது.

மொழி விஷயத்துக்கு வருவோம். தமிழில் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழில் கொடுத்த கையேடு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டதாக இருந்தால், அச்சிட்ட தாளில் மட்டும்தான் அது தமிழ். அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தேடவும் முடியாது, தொலைபேசி வாசித்துக் காட்டவும் முடியாது. இலங்கையில் எத்தனையோ ஆபீஸ்களின் பழைய தமிழ்க் கோப்புகள் இன்னும் இந்த நிலையில்தான் கிடக்கின்றன. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை, அதற்கு இலவசக் கருவிகள் உண்டு. செய்ய ஒருவரைச் சொல்ல வேண்டும்.

யூனிகோட்டில் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. 'தரவு ஒத்திசைவு வெற்றிகரமாக நிறைவுற்றது' என்பதும் தமிழ்தான். மடுவத்தில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. 'கணக்கு ஆபீசுக்குப் போயிருச்சு' என்றால் விளங்கும். இந்த ஒரு வரி முக்கியம், ஏனென்றால் மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை. ஒரு பள்ளத்தில் டவரே தெரியாது, மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். அதனால் கருவி நிறையைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்புகிறது. இடையில் பெட்டரி இறங்கினால், கருவி தண்ணியில் விழுந்தால், அன்றைய அந்திக் கிலோ எங்கே? துண்டு அச்சாகி எடுத்தவரின் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் நினைவுதான் சாட்சி.

கைத்தொலைபேசியில் பயிற்சி என்று சொல்லும்போது யாருடைய தொலைபேசி என்றும் கேட்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பல வீடுகளில் ஸ்மார்ட் போன் ஒன்றுதான், அது மகனிடமோ வீட்டுக்காரரிடமோ இருக்கும். பெரட்டு காலையிலேயே தொடங்கி, நாள் முழுக்க மலையில் நின்று, அந்திக்கு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவருக்கு 'எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கற்கலாம்' என்ற விளம்பர வாசகத்தில் அந்த 'எப்போது' எங்கே இருக்கிறது? பயிற்சி அவர் இருக்கும் இடத்துக்கு, அவர் வேலை நேரத்துக்குள் வர வேண்டும். பெரட்டுக்களத்தில் கால் மணித்தியாலம், மடுவத்தில் தராசையே வைத்துக்கொண்டு. ஐந்து கிலோப் படிக்கல்லைத் தராசில் மாட்டித் திரையில் ஐந்து வருகிறதா என்று காட்டலாம். வெறுஞ்சாக்கை மாட்டி, கழிவு எப்படிப் போகிறது என்று காட்டலாம். இதற்கு ஸூமும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். தோட்டத்திலேயே உயர்தரம் முடித்துவிட்டு, ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு கணினி டிப்ளோமாவும் முடித்துவிட்டு, கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரைப் பயிற்றுநராக எடுப்பதற்கு ஆகும் செலவை, ஒரு மென்பொருள் உரிமக் கட்டணத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

தரவைப் பதிவதில் பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்துக்கு ஒரு பழைய, கசப்பான அனுபவம் உண்டு: பெயர்ப் பிழை. பிறப்புப் பதிவில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், செக்ரோலில் கூப்பிடு பெயர். லெட்சுமி, லட்சுமி, இலக்குமி மூவரும் ஒருவரே என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தெரியாது. தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமுமாக மாதா மாதம் போன காசு, ஓய்வு பெறும் நாளில் பெயர் ஒத்துவராமல் நின்றுவிடுகிறது. பிறகு சத்தியக்கடதாசி, கிராம சேவகர், தொழில் திணைக்களம் என்று பஸ் ஏறி இறங்க வேண்டியதுதான்.

பேரேட்டிலிருந்து கணினிக்குப் பெயர்களை ஏற்றியபோது இதைத் திருத்த அருமையான சந்தர்ப்பம் இருந்தது. ஆளைக் கூப்பிட்டு, அடையாள அட்டையை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்திருக்கலாம். பேரேட்டில் கிடந்த பிழையை அப்படியே தட்டினால், பிழை கணினிக்குள் போய் உறைந்துவிடும். பிறகு எல்லாப் பட்டியலிலும் அது அதே பிழையோடு, அழகான எழுத்தில் அச்சாகும். தரவு பதிபவருக்கு வேகத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். சரிபார்ப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இனி இந்தப் பதிவுகளின் கனம் இன்னும் கூடப் போகிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2024இல் 1350. கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையில் கூட்டு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற இழுபறி தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் 1550 ரூபாய் நாட்சம்பளத்தோடு, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் முன்வைத்தது. அரசின் காசு வருகைப் பதிவை நம்பிப் போகும்போது, ஒரு நாள் பதிவு விடுபடுவது வெறும் தோட்டத்துத் தகராறாக இருக்காது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் ஒரு சட்டமும், 9ஆம் இலக்கச் சட்டம், நிறைவேறியிருக்கிறது. தன்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் தரவைக் கேட்டுப் பார்க்கவும் பிழை இருந்தால் திருத்தச் சொல்லவும் ஒருவருக்குள்ள உரிமை அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் கார்டு மாட்டிய ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுவாகக்கூட இருக்கலாம்.

பயிற்சிக்கு நேரம் எடுக்கும், பழக்கம் மாற வருடங்கள் ஆகும் என்று சொல்வார்கள். 2020ஐ நினைத்துப் பார்க்கலாம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து நேரில் கூடி, வாயால் விலை கேட்டு நடந்த ஏலம். கொரோனாவுக்காக மார்ச் மாதம் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஏலம் இணையத்துக்கு மாறிவிட்டது. இரண்டு வாரங்கள்தான். வயதான தரகர்களும் வாங்குபவர்களும் திரையில் விலை போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம் அது. மாறாவிட்டால் முழு வியாபாரமும் நிற்கும் என்றதால் மாறியது. அதே தேயிலையின் மறுமுனையில், மலையில், பயிற்சி தாமதமானால் நட்டப்படுவது கம்பனி அல்ல. அவசரம் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்டோரைப் பார்த்தாலும் இதே நியாயம் தெரியும். கெமரா வைத்து நிறத்தைப் பார்த்துக் காம்பையும் நாரையும் பிரிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ஒழுங்கான பயிற்சி கிடைக்கிறது, ஏனென்றால் அதைத் தப்பாக ஓட்டினால் அந்த வாரத்துத் தூளுக்கு ஏலத்தில் விலை விழும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு விஷயம்: பயிற்சி நேரத்துக்குப் பேர் விழுமா? ஆபீஸ் ஊழியருக்கு மாதச் சம்பளம். ஸூமில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் அவருக்குச் சம்பளம் குறையாது. கொழுந்து எடுப்பவர் காலையில் ஒரு மணித்தியாலம் பயிற்சிக்கு நின்றால், அந்த ஒரு மணித்தியாலக் கொழுந்து செடியிலேயே நிற்கும். நோர்ம் மட்டும் அதே 18. அன்றைக்கு அவருக்கு மேலதிகக் கிலோ போகும், சில நேரம் அரைநாள் சம்பளமான அரைப்பேராகவும் ஆகும். கற்றுக்கொள்ள வந்ததற்கு அவரே காசு கட்டுகிற மாதிரி. பிறகு 'எஸ்டேட் ஆட்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதுவார்கள். மழை கடுமையாக உள்ள நாட்களிலும் கொழுந்து வறண்ட மாதங்களிலும் நோர்மைக் குறைக்கும் வழக்கம் தோட்டங்களில் இருக்கத்தான் செய்கிறது. பயிற்சி நாளுக்கும் அதே மாதிரிக் குறைக்க ஒரு கட்டம் மென்பொருளில் இருக்கிறதா என்று, அடுத்த தடவை அதை விற்க வருபவரிடம் துரைமாரும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் கேட்டுப் பார்க்கலாம்.